பாண்டாவும் கல்வெட்டும்: தென்கிழக்காசியாவில் சீனாவின் மென்சக்தி

முன்னுரை

2014-ஆம் ஆண்டின் இறுதிப் பள்ளி விடுமுறையில் என் அக்காள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உலு கிளாங்கிலுள்ள தேசிய மிருகக்காட்சிசாலைக்குச் சென்றிருந்தேன். சீனாவிலிருந்து அவ்வாண்டு மே மாதம் வந்திறங்கிய சிங் சிங், லியாங் லியாங் எனும் இரு பாண்டாக் கரடிகளைக் காண்பதற்குத்தான் அத்தனை கூட்டமும். குளிரூட்டப்பட்ட கூடத்தில் ஒன்று மூங்கிலைக் கடித்துக்கொண்டிருந்தது. மற்றொன்று முதுகைக் காட்டி உறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி தாளவில்லை. இளையவள் மட்டும் என் கையைப் பிடித்து, "மாமா, இது நம்ம நாட்டோடதா?" என்று கேட்டாள். "இல்லம்மா, இரவல்" என்றேன். "அப்போ திருப்பிக் கொடுக்கணுமா?" என்றாள். நான் தலையசைத்தேன்.

அன்று அக்கேள்வியைப் பெரிதாக எண்ணவில்லை. பின்னர் அனைத்துலக உறவுகள் குறித்துப் படிக்கத் தொடங்கியபோதுதான், ஒரு வல்லரசு தன் அண்டை நாடுகளிடம் நடந்துகொள்ளும் முறையை அந்தச் சிறுமி ஒரே கேள்வியில் தொட்டுவிட்டாள் என்பது புரிந்தது. கொடுப்பவர் யார்? பெறுபவர் யார்? கொடுத்தது அன்பளிப்பா, இரவலா? பதிலுக்கு எதிர்பார்க்கப்படுவது என்ன? இக்கேள்விகளோடு சீனாவின் மென்சக்தியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மென்சக்தி என்பது யாது?

'சாஃப்ட் பவர்' எனும் சொல்லை அரசியல் அறிவியலுக்கு வழங்கியவர் அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் நாய். 1990-இல் வெளிவந்த நூலொன்றில் இச்சொல்லை அறிமுகப்படுத்திய அவர், 2004-இல் அதற்கெனத் தனி நூலே எழுதினார். அவர் கருத்தின் சாரம் எளிது. பிறரை நம் விருப்பப்படி நடக்கச் செய்ய மூன்று வழிகள் உண்டு. அச்சுறுத்துவது ஒன்று, பணம் கொடுப்பது மற்றொன்று, அவர்களாகவே நம்மை விரும்பி நாடி வரச் செய்வது மூன்றாவது. இந்த மூன்றாவது வழியே மென்சக்தி. ஒரு நாட்டின் பண்பாடு, அது போற்றும் அரசியல் விழுமியங்கள், அதன் வெளியுறவுக் கொள்கை ஆகிய மூன்றும் இதன் ஊற்றுகள் என்பார் அவர்.

தென்கிழக்காசியாவில் சீனா இவ்விளக்கத்தை விரித்துவிட்டது எனலாம். ஜோசுவா கெர்லன்சிக் எனும் ஆய்வாளர் 2007-இல் எழுதிய நூலில், சீனா இவ்வட்டாரத்தில் பண்பாட்டை மட்டுமன்றி உதவித்தொகை, கடனுதவி, வாணிகம், முதலீடு ஆகியவற்றையும் சேர்த்தே தன் கவர்ச்சியாக முன்வைக்கிறது எனச் சுட்டினார். அதே 2007-இல் நடைபெற்ற சீனக் கம்யூனிஸ்டு கட்சியின் 17-ஆவது மாநாட்டில் அன்றைய அதிபர் ஹூ ஜின்டாவ், நாட்டின் மென்சக்தியின் ஒரு பகுதியாகப் பண்பாட்டை வளர்க்க வேண்டுமென அறிவித்தார். ஆக, சீனாவைப் பொறுத்தவரை மென்சக்தி தானாக முளைத்த செடியன்று. அரசு பாத்தி கட்டி நீர் பாய்ச்சிய பயிர்.

பகையிலிருந்து நட்புக்கு

இன்றைய மாணவர்களுக்குச் சீனா என்றால் தொழிற்சாலையும் அதிவேக இரயிலும் நினைவுக்கு வரலாம். நம் பாட்டன்மார் காலத்தில் நிலைமை வேறு. 1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரகாலம் நிலவியது. மலாயாக் கம்யூனிஸ்டு கட்சிக்குச் சீனாவின் ஆதரவு இருந்தது. 1969 முதல் 1981 வரை சீனாவின் ஹூனான் மாநிலத்திலிருந்து அக்கட்சியின் வானொலி இங்குள்ள அரசுகளுக்கு எதிராக ஒலிபரப்பியது. இந்தோனேசியா 1967-இல் சீனாவுடனான உறவையே நிறுத்தி வைத்தது.

இச்சூழலில்தான் 1974 மே 31-ஆம் நாள் பிரதமர் துன் அப்துல் ரசாக் பெய்ஜிங்கில் தூதரக உறவுக்கான கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். ஆசியான் நாடுகளில் அவ்வாறு செய்த முதல் நாடு மலேசியா. 1978 நவம்பரில் டெங் சியாவ்பிங் தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளுக்கு வந்தார். வானொலியை நிறுத்தாமல் நட்பைப் பேச முடியாது என்பதை அப்பயணம் அவருக்கு உணர்த்தியது. 1981-இல் அந்த ஒலிபரப்பு நின்றது. 1989 டிசம்பரில் ஹாட்யாய் உடன்படிக்கையின்வழி மலாயாக் கம்யூனிஸ்டுகள் ஆயுதங்களைக் கைவிட்டனர். மறு ஆண்டே இந்தோனேசியா உறவைப் புதுப்பித்துக்கொண்டது. சிங்கப்பூர் புதிதாகத் தூதரக உறவு கொண்டது.

நல்லெண்ணத்தின் அடுத்த திருப்பம் 1997-இன் நிதி நெருக்கடி. தாய் பாட் சரிந்து, ரிங்கிட்டும் ரூப்பியாவும் அதன் பின்னே விழுந்தன. அப்போது சீனா தன் யுவானின் மதிப்பைக் குறைத்திருந்தால் நம் ஏற்றுமதிகள் மேலும் அடிபட்டிருக்கும். சீனா அவ்வாறு செய்யவில்லை. தாய்லாந்துக்கு 100 கோடி அமெரிக்க டாலர் உதவியும் அளித்தது. அனைத்துலக நாணய நிதியத்தின் கடும் நிபந்தனைகளால் கசந்திருந்த மக்களிடையே இச்செயல் ஆழப் பதிந்தது. இதில் பண்பாடும் இல்லை, பாண்டாவும் இல்லை. தக்க நேரத்தில் செய்த உதவி, ஆயிரம் கலைநிகழ்ச்சிகளால் ஈட்ட முடியாத நற்பெயரை ஈட்டித் தந்தது. இது இப்பாடத்தின் முதல் படிப்பினை.

மொழி, கல்வி, கரடி, தடுப்பூசி

2004-இல் சோல் நகரில் முதல் கன்பூசியஸ் கழகம் திறக்கப்பட்டது. சீன மொழியையும் பண்பாட்டையும் பிற நாட்டுப் பல்கலைக்கழகங்களின் வளாகத்திற்குள்ளேயே கற்பிப்பது அதன் திட்டம். சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், தாய்லாந்தில் கோன் கேன் பல்கலைக்கழகம், இங்கே 2009-இல் மலாயாப் பல்கலைக்கழகம் எனக் கழகங்கள் தோன்றின. ஆசியானில் இவை மிகுதியாக உள்ள நாடு தாய்லாந்து.

மேலைநாடுகளில் இக்கழகங்களுக்கு எதிர்ப்பும் எழுந்தது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம், ஆசிரியர் நியமனத்தில் சமயப் பாகுபாடு இருந்ததெனும் புகாரை அடுத்து 2013-இல் தன் கழகத்தை மூடுவதாக அறிவித்தது. 2014-இல் சிக்காகோ பல்கலைக்கழகமும் ஒப்பந்தத்தைத் தொடரவில்லை. 2020-இல் சீனா இக்கழகங்களின் பொறுப்பை அறக்கட்டளை ஒன்றிடம் ஒப்படைத்தது. நம் வட்டாரத்தில் அத்தகைய எதிர்ப்பு பெரிதாக எழவில்லை. இங்குள்ள மாணவர் மாண்டரினைப் பெரும்பாலும் வேலை வாய்ப்புக்காகவே கற்கின்றனர். அவ்வாறு கற்பவர்களில் தமிழ் மாணவர்களும் உண்டு. ஒரு மொழியைக் கற்பதால் எவரும் அந்நாட்டுக்கு அடிமையாவதில்லை. ஆயினும் அம்மொழியில் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதைப் பணம் கொடுப்பவரே முடிவு செய்தால், அங்கே கல்வி குறைந்து பரப்புரை மிகுகிறது. இந்த எல்லைக்கோட்டை நாம் எப்போதும் கவனிக்க வேண்டும்.

கல்வித் துறையில் என் மனத்தைக் கவர்ந்த எடுத்துக்காட்டு சிப்பாங்கில் இருக்கிறது. சிங்கப்பூரில் இரப்பர், அன்னாசித் தொழில்களில் பெரும் பொருள் ஈட்டிய டான் கா கீ, 1921-இல் தம் தாயகமான ஃபுஜியான் மாநிலத்தில் சியாமென் பல்கலைக்கழகத்தை நிறுவினார். தொழில் நலிந்த காலத்திலும் அதற்குப் பணம் அனுப்பினார். இனித் தாங்காது என்ற நிலையில் 1937-இல் அதை அரசிடம் ஒப்படைத்தார். அந்தப் பல்கலைக்கழகமே 2016-இல் சிப்பாங்கில் தன் கிளையைத் திறந்தது. மலாயா மண்ணின் இரப்பர்ப் பாலில் பிறந்த பல்கலைக்கழகம் 95 ஆண்டுகளுக்குப் பின் மலேசியாவுக்கே திரும்பி வந்திருக்கிறது. இதனைச் சீனாவின் மென்சக்தி என்பதா, இல்லை நம் வட்டாரத்துச் செல்வத்தின் மறுவருகை என்பதா? இரண்டும் உண்மை. மென்சக்தி ஒருவழிச் சாலை என எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இனி, பாண்டாவுக்கு வருவோம். 1970-களில் சீனா பாண்டாக்களை அன்பளிப்பாக வழங்கியது. 1980-களிலிருந்து அவை இரவலாக மாறின. பொதுவாக ஒரு சோடிக்கு ஆண்டுக்கு 10 இலட்சம் அமெரிக்க டாலர் வரை கட்டணம், தவணைக்காலம் பத்தாண்டு, இங்கே பிறக்கும் குட்டியும் சீனாவுக்கே சொந்தம். மலேசியாவுக்கு வந்த சோடி, தூதரக உறவின் 40-ஆம் ஆண்டை ஒட்டி அனுப்பப்பட்டது. 2014 மார்ச் 8-ஆம் நாள் எம்.எச்.370 விமானம் 239 பேருடன் காணாமற்போனது. அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். அத்துயரத்தின் நடுவே கொண்டாட்டம் கூடாதென்று பாண்டாக்களின் வருகை ஒரு மாதம் தள்ளிவைக்கப்பட்டது. இரு நாட்டு உறவின் சூட்டைக் காட்டும் வெப்பமானியாகவே அக்கரடிகள் இருந்தன. இங்கே பிறந்த மூன்று குட்டிகளும் 2017-இலும் 2023-இலும் சீனா சென்றன. பெற்றோரும் 2025 மே மாதம் விடைபெற்றன.

கோவிட் காலத்தில் தடுப்பூசியும் இவ்வரிசையில் சேர்ந்தது. 2021 ஜனவரி 13-ஆம் நாள் இந்தோனேசிய அதிபர் ஜோக்கோ விடோடோ, சினோவெக் ஊசியைத் தொலைக்காட்சியில் மக்கள் காணப் போட்டுக்கொண்டார். செல்வ நாடுகள் தங்களுக்கென ஊசிகளை முன்கூட்டியே வாங்கிக் குவித்த வேளையில், சீனாவின் ஊசி முதலில் வந்து சேர்ந்தது. 1997-இன் படிப்பினை மீண்டும் ஒருமுறை மெய்யானது.

இவையெல்லாம் அரசு முன்னின்று செய்தவை. அரசின் கை படாமலும் கவர்ச்சி பரவுகிறது. 2024-இல் தாய்லாந்துப் பாடகி லிசா தம் கைப்பையில் தொங்கவிட்ட லாபூபு பொம்மை, சில மாதங்களில் இவ்வட்டாரம் முழுவதும் வரிசைகளை உருவாக்கியது. அதை விற்றது சீன நிறுவனம். எந்தத் தூதரகமும் அந்த வரிசையை ஏற்பாடு செய்யவில்லை. அரசு நட்ட பயிரைவிடக் காட்டுச்செடி விரைந்து வளர்வதும் உண்டு.

கடல் எழுப்பும் கேள்வி

இத்தனை கவர்ச்சிக்கும் எதிராக நிற்பது ஒரு வரைபடம். தென்சீனக் கடலின் பெரும்பகுதியைத் தன்னுடையதெனக் காட்டச் சீனா வரைந்த ஒன்பது கோடுகள், வியட்நாம், பிலிப்பைன்ஸ், மலேசியா, புருணை ஆகிய நாடுகளின் கடற்பகுதிகளுக்குள் நுழைகின்றன. சரவாக் கரையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில் நீருக்கடியில் கிடக்கும் பெத்திங் செருப்பாய்த் திட்டைச் சீனா தன் தென்கோடி எல்லை என்கிறது. 2016 ஜூலை 12-ஆம் நாள், பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில், ஒன்பது கோட்டுக்குள் சீனா கோரும் வரலாற்று உரிமைகளுக்குச் சட்ட அடிப்படை இல்லையென அனைத்துலக நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. சீனா அத்தீர்ப்பை ஏற்கவில்லை. 2023-இலும் 2024-இலும் பிலிப்பைன்ஸ் படகுகள்மீது சீனக் கடலோரக் காவற்படை நீரைப் பீய்ச்சியடித்த காட்சிகளை உலகமே கண்டது.

பண்பாட்டுத் துறையும் தப்பவில்லை. 2019-இல் 'அபோமினபல்' எனும் கார்ட்டூன் படத்தின் ஒரு காட்சியில் அந்த ஒன்பது கோட்டு வரைபடம் இடம்பெற்றது. வியட்நாம் படத்தைத் திரையரங்குகளிலிருந்து நீக்கியது. மலேசியத் தணிக்கைக் குழு அக்காட்சியை வெட்டச் சொன்னது. தயாரிப்பாளர் மறுத்ததால் படம் இங்கே வெளிவரவில்லை. குழந்தைகளை மகிழ்விக்க எடுத்த படத்தை ஒரு கோடு கெடுத்தது. வெளியுறவுக் கொள்கையும் மென்சக்தியின் ஊற்று என நாய் சொன்னதன் பொருள் இதுதான். பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் கொடுத்துவிட்டு வேலியை நகர்த்தினால், பலகாரத்தின் இனிப்பு நாவில் நிற்குமா?

அளவுகோல் சொல்வது என்ன?

சிங்கப்பூரின் ஐசியஸ் - யூசோப் இஷாக் ஆய்வுக் கழகம் 2019 முதல் ஆண்டுதோறும் இவ்வட்டாரத்தின் ஆய்வாளர், அதிகாரிகள், வணிகர் போன்றோரிடம் கருத்தாய்வு நடத்தி வருகிறது. அமெரிக்காவா சீனாவா எனக் கட்டாயம் தேர்ந்தெடுக்க நேர்ந்தால் யாரைத் தேர்வீர் எனும் கேள்விக்கு, 2024-இல் 50.5 விழுக்காட்டினர் சீனாவைக் குறிப்பிட்டனர். மலேசியர்களில் அவ்வாறு கூறியோர் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர். மறு ஆண்டே நிலை மாறி, 52.3 விழுக்காட்டினர் அமெரிக்காவைத் தேர்ந்தனர். இக்கருத்து எத்துணை எளிதில் புரள்கிறது என்பதைக் கவனியுங்கள்.

எனக்கு வியப்பளித்தது மற்றொரு செய்தி. அதே ஆய்வுகளில், இவ்வட்டாரம் மிகுதியாக நம்பும் வல்லரசாகத் தொடர்ந்து முதலிடம் பெறுவது ஜப்பான். 1942 முதல் 1945 வரை நம் முன்னோரைச் சயாம் மரண இரயில்பாதைக்கு இழுத்துச் சென்ற அதே ஜப்பான்! 1974-இல் ஜப்பானியப் பிரதமர் தனாக்கா ஜக்கார்த்தாவுக்கு வந்தபோது கலவரமே வெடித்தது. அதன்பின் 1977-இல் பிரதமர் ஃபுக்குடா மணிலாவில், ஜப்பான் இராணுவ வல்லரசு ஆகாது, இந்நாடுகளைச் சமமாக நடத்தும் என உறுதியளித்தார். அச்சொல்லைப் பல பத்தாண்டுகள் ஜப்பான் காத்தது. கவர்ச்சியைச் சில ஆண்டுகளில் வாங்கிவிடலாம். நம்பிக்கை அப்படிக் கிடைப்பதில்லை. சொன்ன சொல்லை ஒரு தலைமுறை காக்க வேண்டும்.

காலிக் கல்வெட்டு

தமிழ் மாணவர்களாகிய நாம் மறக்கக்கூடாத சான்று ஒன்று இலங்கையில் உள்ளது. மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409-ஆம் ஆண்டுத் தேதியிட்டுச் செதுக்கி எடுத்து வந்த கல்வெட்டு, 1911-இல் காலி நகரில் ஒரு வடிகாலுக்கு மூடியாகக் கிடந்தபோது கண்டெடுக்கப்பட்டது. இன்று அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேவந்துறையில் கோயில்கொண்ட தென்னாவர நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இசுலாமிய மரபில் அமைந்துள்ளது. மூவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு காணிக்கை: ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, மேலும் பட்டும் எண்ணெயும் பிறவும்.

அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வல்லரசு தன் அன்பை அறிவிக்கத் தமிழை நாடியது. அன்று இந்தியப் பெருங்கடலின் வாணிக மொழிகளுள் தமிழும் ஒன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ! பெருமிதம் கொள்வோம், ஆனால் கதையை முழுவதும் படிப்போம். அதே கடற்பயணத்தில் செங் ஹோவின் படை இலங்கை மன்னன் அழகக்கோனோடு போரிட்டு, அவனைச் சிறைபிடித்து 1411-இல் சீனத் தலைநகருக்குக் கொண்டுசென்றது. மும்மொழிக் கல்வெட்டும் போர்ப்படையும் ஒரே கப்பற்கூட்டத்தில்தான் வந்தன. 2005-இல் செங் ஹோ பயணத்தின் 600-ஆம் ஆண்டைச் சீனா அமைதியின் அடையாளமாகக் கொண்டாடியபோது முதற்பகுதி மட்டுமே பேசப்பட்டது. மென்சக்தி பொய் சொல்வதில்லை, பாதியைச் சொல்கிறது. மறுபாதியைத் தேடிப் படிப்பது மாணவரின் கடமை.

நமக்கும் இதில் பங்குண்டு

இக்கட்டுரையைப் படிக்கும் சிலர், இது சீன நண்பர்களைப் பற்றிய பேச்சு என எண்ணக்கூடும். அன்று. மலேசியச் சீனர் வேறு. சீன அரசு வேறு. 1974-இன் கூட்டறிக்கையில் இரு அரசுகளும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என அறிவித்தன. தன் வழித்தோன்றல்கள்மீதான உரிமையைச் சீனா விட்டுக்கொடுத்ததே அவர்களை இங்கே ஐயத்திலிருந்து காத்தது. 2015 செப்டம்பரில், இனப் பதற்றம் நிலவிய வேளையில், சீனத் தூதர் பெட்டாலிங் சாலைக்குச் சென்று தெரிவித்த கருத்து, உள்நாட்டு விவகாரத்தில் தலையீடு எனச் சர்ச்சையானது. அதனால் தருமசங்கடத்துக்கு ஆளானவர்கள் மலேசியச் சீனர்களே.

இதே அளவுகோலை நமக்கும் வைத்துப் பார்ப்போம். வளர்ந்துவரும் இந்தியாவும் இவ்வட்டாரத்தில் தன் மென்சக்தியை விரிக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் தோரண வாயில் 2015-இல் இந்தியாவின் அன்பளிப்பாகத் திறக்கப்பட்டது. 2024-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் திருவள்ளுவர் பெயரில் ஓர் ஆய்விருக்கையும், சிங்கப்பூரில் திருவள்ளுவர் பண்பாட்டு மையமும் அறிவிக்கப்பட்டன. வள்ளுவர் பெயரைக் கேட்டதும் நம் நெஞ்சு நிமிர்கிறது, எனக்கும் அப்படியே. நம் மொழிக்கு வரும் உதவியை நான் வரவேற்கிறேன். ஆனால் கன்பூசியஸ் பெயருக்கு நாம் கேட்கும் கேள்விகளை வள்ளுவர் பெயருக்கும் கேட்கும் நேர்மை நமக்கு வேண்டும். பாடத்திட்டத்தை வகுப்பவர் யார்? இந்நாட்டுத் தமிழரின் தோட்ட வரலாறும் இலக்கியமும் அதில் இடம்பெறுமா? மாறுபட்ட கருத்துக்கு அங்கே இடமுண்டா?

முடிவுரை

சீனாவின் மென்சக்தி வெறும் நடிப்பும் அன்று. முழு அன்பும் அன்று. நெருக்கடியில் உதவியபோது அது வென்றது. கடலில் முரட்டுத்தனம் காட்டியபோது தோற்றது. அரசு கை வைக்காத இடங்களில் இயல்பாகப் பரவியது. சிறிய நாடுகளும் வாய்திறவாமல் வாங்கிக்கொள்ளவில்லை. கிழக்குக்கரை இரயில் திட்டத்தை 2018-இல் நிறுத்திய மலேசியா, பேச்சு நடத்தி, 6,550 கோடி ரிங்கிட்டாக இருந்த செலவை 4,400 கோடி ரிங்கிட்டாகக் குறைத்து 2019-இல் மீண்டும் தொடங்கியது. நட்பை முறிக்காமலேயே பேரம் பேச முடியும் என்பதற்கு இது சான்று.

உபகாரச் சம்பளம் கிடைத்தால் செல்லுங்கள்; மாண்டரினோ ஜப்பானியமோ இந்தியோ விருப்பமானதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் திரும்பி வரும்போது கேள்வி கேட்கும் நாவையும் உடன் கொண்டு வாருங்கள். 2025 மே மாதம் பாண்டாக்கள் விமானமேறிய செய்தி வந்த அன்று என் அக்காள் மகளை அழைத்துச் சொன்னேன். இப்போது அவள் வளர்ந்துவிட்டாள். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "நீங்கதான் அன்னைக்கே இரவல்னு சொல்லிட்டீங்களே மாமா" என்றாள். இரவல் என்று தெரிந்தே மகிழ்ந்தவளுக்கு ஏமாற்றமில்லை. நாடுகளுக்கும் அத்தெளிவு இருந்தால் போதும்.